கேப்பர் மலைச் செம்மண்ணில் காலிஃபிளவர்: ஐந்து ரகம், இரண்டு நடவு, நடுவில் ஒரு புயல்

பின்னணி

கடலூர் மாவட்டத்தில் காய்கறி என்றால் முதலில் நினைவுக்கு வருவது கத்தரி. பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1 கத்தரியைத் தெரியாத விவசாயி இந்தப் பக்கம் இல்லை. காலிஃபிளவர் இங்கே வெளியூர்ச் சரக்கு. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து லாரியில் இறங்கும். வந்து சேரும்போது வெளி இலை வாடி, பூவின் ஓரத்தில் பழுப்புத் தட்டியிருக்கும்.

இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பவர் கடலூருக்கு மேற்கே கேப்பர் மலை மேட்டில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி. வயது ஐம்பதைத் தாண்டியவர். வாழை, கொய்யா, கொஞ்சம் கத்தரி. சில வருடங்களாக ஐந்தாறு சென்ட்டில் காலிஃபிளவரும் போட்டு வந்தார். ஒரு வருடம் பூ நன்றாகக் கட்டும், அடுத்த வருடம் அதே விதை வெறும் இலையாக நிற்கும், அல்லது கார்த்திகை மழையில் அழுகும். விதைக்கடையில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பாக்கெட் கையில் வரும். "போன வருஷ ரகம் சரியில்லைன்னு சொல்லி வேற ஒண்ணு கொடுக்கறாங்க. எது சரி, எது சரியில்லைன்னு எனக்கு எப்படித் தெரியும் தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 2024 மழைக்காலத்தில் அவருடைய நிலத்திலேயே அதற்குப் பதில் தேடிப் பார்ப்பது என்று முடிவானது.

நிலமும் பருவமும்

கேப்பர் மலை என்பது பெயரளவில்தான் மலை. செம்புறைக் கல்லும் சரளையும் கலந்த சிவப்பு மண் மேடு. தண்ணீர் நிற்காது என்பது இதன் பலம். அமிலத்தன்மை கூடுதல் என்பது பலவீனம். நிலத்தின் மேல்பக்கம் சரளை. கீழ்ப்பக்கம் சற்று இறக்கமாகி ஒரு வடிகால் வாய்க்காலில் முடிகிறது. பார்வைக்குச் சமமாகத்தான் தெரியும், மழை பெய்தால்தான் இறக்கம் புரியும்.

ரகத்தைப் பற்றிப் பேசுமுன் வெப்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். காலிஃபிளவர் 1822-இல் இங்கிலாந்திலிருந்து சகாரன்பூர் தோட்டத்துக்கு வந்த பயிர். வந்த விதை குளிர் நாட்டு விதை. வட இந்தியச் சமவெளியின் வெயிலிலும் ஈரத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்ததில் வெப்பம் தாங்கும் இந்திய வகைகள் உருவாயின. முன்பருவ வகைகள் 20 முதல் 27 டிகிரியில் பூ கட்டும். ஸ்நோபால் எனப்படும் பின்பருவ வகைகளுக்கு 10 முதல் 16 டிகிரி வேண்டும். கடலூரில் தை மாத இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆக, இந்தக் கடற்கரையில் முன்பருவ வகைகளைத் தவிர மற்றவற்றுக்கு வேலை குறைவு. ஆனால் விதைப் பாக்கெட்டின் படத்தில் எல்லாப் பூவும் ஒரே வெள்ளைதான்.

சோதனை அமைத்த விதம்

ஐந்து ரகங்கள். விதை வைத்தவருக்கு மட்டும் பெயர் தெரியும், மதிப்பெண் போடுபவர்களுக்குத் தெரியாது என்பதற்காக எழுத்துக் குறி கொடுத்தோம். க என்பது அவர் முன்பே பயிரிட்டு வந்த தனியார் வீரிய ஒட்டு (ஹைப்ரிட்), அதுவே ஒப்பீட்டு ரகம். ச என்பது சீக்கிரம் அறுவடைக்கு வரும் இன்னொரு வீரிய ஒட்டு. ட, பெரிய பூவுக்குப் பேர் போனது. த, பூசா தீபாலி. டெல்லி ஆராய்ச்சி நிலையத்தின் முன்பருவ ரகம், வீரிய ஒட்டு அல்ல. ப, பூசா ஸ்நோபால் கே-1. கருப்பழுகல் என்ற பாக்டீரியா நோயைத் தாங்கும் என்று பெயர் வாங்கிய ரகம். ஆனால் குளிர்ப் பருவத்துக்கானது. இது இங்கே பூக்காது என்று நாங்கள் எண்ணினோம். "நோய் வராத ரகம்னு சொல்றாங்களே, ஏன் விடணும்?" என்று விவசாயி கேட்டார். வாதாடுவதைவிட நட்டுக் காட்டுவது எளிது.

நிலத்தை மேலிருந்து கீழாக மூன்று தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து ரகமும் ஒரு முறை வரும்படி, இடத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். ஒரு பாத்தியில் நான்கு வரிசை, வரிசைக்குப் பத்துச் செடி, 60-க்கு 45 செ.மீ. இடைவெளி. ஓரச் செடிகளை விட்டுவிட்டு உள்ளிருக்கும் 16 செடிகளில் மட்டும் கணக்கு. மூன்று தொகுதியும் சேர்த்து ஒரு ரகத்துக்கு 48 செடி. நாலு சென்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலான இடத்தில் ஒரு நடவு முடிந்துவிட்டது. சீட்டுக் குலுக்கியபோது அவருடைய மனைவி சிரித்தார்: "நல்ல இடத்துல நல்ல விதைய போடாம, சீட்டு எடுக்கறீங்களே." அந்தச் சீட்டு பின்னால் பெரிய வேலை செய்தது.

பதிவு செய்தவை: செடி உயரம், இலை எண்ணிக்கை, இலை நிமிர்ந்து நிற்கிறதா விரிந்து கிடக்கிறதா, பூ கட்டத் தொடங்கிய நாள், அறுவடை நாள், இலையோடு எடை, இலை நீக்கிய பூவின் எடை, பூவின் இறுக்கம், நிறம். நோய்க்கு 0 முதல் 5 வரை மதிப்பெண், இரு வாரத்துக்கு ஒரு முறை. இவற்றோடு விவசாயி சொல்லி ஒரு பத்தி சேர்த்தோம்: விற்றதா, இல்லையா.

முதல் நடவு

செப்டம்பர் தொடக்கத்தில் குழித்தட்டில் விதைத்து, அக்டோபர் முதல் வாரம் நட்டோம். வைரமுதுகு அந்துப்பூச்சிக்குப் பொறியாக, நடவுக்கு இரு வாரம் முன்பே ஓரத்தில் கடுகு விதைத்திருந்தோம். கடுகில் புழு ஏறியது, காலிஃபிளவரில் குறைவாகவே இருந்தது. பூச்சியைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

மூன்று வாரத்தில் வேறு ஒரு சிக்கல். மேல்பக்கத் தொகுதியில், ட-விலும் த-விலும், புது இலைகள் அகலமாக விரியாமல் நடு நரம்பு மட்டும் நீண்டு, இரு பக்கமும் கிழிந்த நாடா போல வந்தன. சில செடிகளில் குருத்தே முறுக்கிக்கொண்டது. கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு வைரஸ் என்றார், சாறுறிஞ்சும் பூச்சிக்கு மருந்து அடிக்கச் சொன்னார். பாதிப்பு சரளை உள்ள மேல்பக்கத்தில் மட்டும் இருந்ததும், ஒரே பாத்தியின் செடிகளெல்லாம் ஒரே நேரத்தில் காட்டியதும் எங்களை யோசிக்க வைத்தன. வைரஸ் என்றால் இப்படி மண்ணின் எல்லையைப் பார்த்து நிற்காது. மண் பரிசோதனை முடிவு வந்தபோது அமில கார நிலை (pH) 5.4, அதாவது அமில மண். அமில மண்ணில் மாலிப்டினம் என்ற நுண்ணூட்டச் சத்து செடிக்குச் சரியாகக் கிடைக்காது. காலிஃபிளவர் அந்தக் குறையை மற்றக் காய்கறிகளைவிடச் சீக்கிரம் காட்டிவிடும். சாட்டைவால் என்று சொல்லப்படும் குறைபாடு இதுதான்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அறிகுறி காட்டிய பாத்திகளுக்கு மட்டும் கொடுத்தால் செலவு மிச்சம், ஆனால் ரகங்களை ஒப்பிடுவது கெட்டுவிடும். எனவே 15 பாத்திகளுக்கும் ஒரே அளவில் அம்மோனியம் மாலிப்டேட் கரைசலை, லிட்டருக்கு அரை கிராம் வீதம், இலையில் தெளித்தோம். அடுத்து வந்த இலைகள் ஒழுங்காக விரிந்தன. குருத்து முறுக்கிய செடிகள் தேறவில்லை. மருந்து அடித்திருந்தாலும் அதே நாட்களில் ஏதோ ஒன்று தேறியிருக்கும், கடைக்காரர் சொன்னது சரி என்று ஆகியிருக்கும். வைரஸ் மருந்துகள் பெயர் வாங்குவது பல நேரம் இப்படித்தான்.

அதே மண்ணில் க-வும் ச-வும் இந்தக் குறையைக் காட்டவில்லை என்பதையும் குறித்துக்கொண்டோம். குறை மண்ணுடையது, அதைத் தாங்கும் அளவு ரகத்துடையது.

நவம்பரில் செடிகளின் வேறுபாடு நன்றாகத் தெரிந்தது. த-வின் உள் இலைகள் நிமிர்ந்து பூவைத் தாமே மூடிக்கொண்டன. இலையைக் கட்டிவிடும் வேலை இல்லை, பூ வெள்ளையாக இருந்தது. ஆனால் செடிக்குச் செடி அளவும் நாளும் மாறின, ஒரு பாத்தியை ஒரே நாளில் வெட்ட முடியவில்லை. க நடுத்தரம், ஒரே சீர். ட இரண்டு முழம் அகலத்துக்கு இலையை விரித்துப் பக்கத்து வரிசையை அமுக்கியது. ப-வில் இலை, மேலும் இலை.

ச ஐம்பது சொச்சம் நாளிலேயே தயார். நவம்பர் கடைசி வாரத்துக்குள் அதன் பூக்களில் பெரும்பாலானவை வெட்டியாகிவிட்டது. பூ ஒன்று அரை கிலோ அளவு.

புயல்

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. மேட்டு நிலம் என்பதால் இவருடைய வயலுக்கு வெள்ளம் வரவில்லை. காற்றில் வாழை சாய்ந்தது. காலிஃபிளவரில் கீழ்ப்பக்கத் தொகுதியில் மட்டும் வாய்க்கால் நிரம்பி இரண்டு நாள் தண்ணீர் நின்றது.

தண்ணீர் வடிந்த பின் வயலைப் பார்த்ததில் கண்டவை: இலை ஓரத்திலிருந்து உள்நோக்கி மஞ்சள் முக்கோணம், அதன் நடுவில் கறுத்த நரம்புகள். தண்டைக் குறுக்கே வெட்டினால் கறுப்பு வளையம். கருப்பழுகல் நோய்தான். விதையோடு வரும் பாக்டீரியா, மழைத்துளி தெறிப்பதில் செடிக்குச் செடி பரவுவது. கூடவே பூவில் மென்னழுகல். தொட்டால் குழைந்தது, நாற்றம். த-வின் பூவை மூடி நின்ற அந்த இலைகளே இப்போது கிண்ணமாகத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தன. வெயிலுக்கு நல்லதாக இருந்த குணம் மழைக்கு ஆகவில்லை.

விவசாயி தினமும் வீட்டிலிருந்து வயலுக்கு வரும் வழி கீழ்ப்பக்க மூலை. அந்த மூலையில் சீட்டில் விழுந்தது ட. "இது நோய் ரகம் தம்பி. இதை விட்டுடலாம்" என்றார். அந்தப் பாத்தியை மட்டும் பார்த்தால் வேறு முடிவுக்கு வரவே முடியாது, 16 செடியும் போய்விட்டது. ஆனால் மேலே இருந்த இரண்டு தொகுதிகளில் ட-வின் நோய் மதிப்பெண் க-வை ஒட்டியே இருந்தது. கீழ்த் தொகுதியில் எல்லா ரகமும் மோசம். தண்ணீர் நின்ற இடத்தின் மதிப்பெண்ணை ரகத்தின் தலையில் எழுதக் கூடாது என்று மூன்று தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். பார்த்துவிட்டு, "சரி, அப்படின்னா நான் இந்த மூலையில கத்தரி போட்டாலும் இப்படித்தான் ஆகும்" என்றார்.

முதல் நடவின் கணக்கில், 48 செடிக்கு ச-வில் 41 பூ விற்றது, க-வில் 29, ட-வில் 11. த, க-வுக்கும் ட-வுக்கும் நடுவில். ப சுழியம். நோய் மதிப்பெண்ணிலும் ச மிகக் குறைவு. அப்போது கூட இருந்த எல்லோருக்கும் விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றியது: ச நோய் தாங்கும் ரகம். விதைக்கடையிலும் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்து, அக்கம்பக்கத்தில் சிலர் ச-வைக் கேட்கத் தொடங்கினார்கள். எங்களுக்கு அதில் ஒரு சந்தேகம் இருந்தது. ச-வைப் புயலுக்கு முன்பே வெட்டியாகிவிட்டது. நோய் வந்தபோது வயலில் இல்லாத செடிக்கு நோய் வரவில்லை என்பது எதிர்ப்புத் திறனுக்குச் சான்று ஆகுமா?

இரண்டாம் நடவு

இதற்குப் பதில் இரண்டாம் நடவில்தான் கிடைக்க வேண்டும். நவம்பர் முதல் வாரம் விதைத்த நாற்று குழித்தட்டில் இருந்தது. புயலுக்கு முந்தைய மாலை விவசாயியின் மனைவி தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழைய மாட்டுக் கொட்டகையில் அடுக்கிவிட்டார். மறுநாள் நிழல்வலை மரத்தில் தொங்கியது, நாற்று பிழைத்தது. ஆனால் நிலம் காயவில்லை. டிசம்பர் மூன்றாம் வாரம்தான் நட முடிந்தது. 25, 30 நாளில் நட வேண்டிய நாற்றுக்கு அப்போது நாற்பத்தைந்து நாள். வேர் தட்டில் சுருண்டு, தண்டு கட்டையாகியிருந்தது.

புது விதை விதைத்துக் காத்திருக்கலாமா என்று பேசினோம். காத்திருந்தால் பூ கட்டும் நேரம் மாசி வெயிலுக்குப் போய்விடும். முதிர்ந்த நாற்றையே நடுவது, ஆனால் மகசூல் கணக்கைத் தனியாக வைப்பது, நோய்க் கணக்கை மட்டும் ஒப்பிடுவது என்று தீர்மானித்தோம். இடம் முதல் நடவுக்கு மேலே, தண்ணீர் நிற்காத பகுதி. நோய்ச் செடிகளைப் பிடுங்கிக் குழியில் புதைத்திருந்தாலும், பக்கத்து வயல்தான் என்பதால் நோய் வரும் என்று எதிர்பார்த்தோம். இந்த ஒரு முறை அது வந்தால்தான் நல்லது என்ற விசித்திரமான நிலை.

மகசூல் எதிர்பார்த்தபடியே கெட்டது. ச-விலும் த-விலும் செடி பெரிதாகும் முன்பே சின்னச் சின்னப் பூ கட்டிவிட்டது. எலுமிச்சை அளவில் பூ, அதைச் சுற்றி ஐந்தாறு இலை. முன்பருவ வகையில் நாற்று முதிர்ந்தால் இப்படி ஆகும். பார்க்க வந்த பக்கத்து விவசாயி ஒருவர் "போலி விதை" என்றார். அதே பாக்கெட்டின் மீதி விதைதான், அக்டோபர் நடவில் அரை கிலோ பூ கொடுத்தது அதுதான். க-வில் இந்தச் சிக்கல் குறைவு, ட-வில் இல்லை. ப இம்முறையும் இலைதான். பூவின் சாயலில் ஏதோ ஒன்று பிற்பாடு சில செடிகளில் வந்தது, இடையிடையே பச்சை இலை முளைத்து. யாரும் வாங்கவில்லை.

தைப் பனியில் கருப்பழுகல் வந்தது. இம்முறை எல்லா ரகமும் வயலில் ஒன்றாக நின்றன, தண்ணீர் தேங்கவில்லை, மூன்று தொகுதியின் மதிப்பெண்ணும் ஒத்துப்போயின. ஐந்தில் அதிகம் பாதித்தது ச. க மிகக் குறைவு, ட அதற்கு அடுத்து. அதாவது முதல் நடவில் ச நோயைத் தாங்கவில்லை, நோய்க்கு முன் தப்பித்துக்கொண்டது.

சந்தையில்

எடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் நடவில் ட-வின் பூக்கள் இலையோடு இரண்டு கிலோ வரை போயின, இலை நீக்கினால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆராய்ச்சி முறைப்படி எக்டருக்கு இத்தனை டன் என்று எழுதினால் ட-வே முதலிடம். ஆனால் கடலூர் உழவர் சந்தையில் அவர் விற்பது பூ ஒன்று இத்தனை ரூபாய் என்று. ஒரு கிலோ பூவுக்கு அரை கிலோ பூவைவிடப் பத்து ரூபாய் கூடக் கிடைத்தால் பெரிய விஷயம். வீட்டுக்கு வாங்குபவர்கள் ஒரு வேளைக்கு ஆகிற பூவைத்தான் பொறுக்கினார்கள். பெரிய பூவை விரும்பி எடுத்தவர்கள் மாலையில் சில்லி போடும் வண்டிக்காரர்கள் மட்டும். அவர்களும் எடைக்குப் பேரம் பேசினார்கள். ட எடுத்துக்கொண்ட இடத்தையும் கூடுதல் நாட்களையும் இந்த விலை ஈடு செய்யவில்லை. 100 செடிக்கு விற்கும் பூ எத்தனை என்ற அளவுகோல்தான் இந்த விவசாயிக்குப் பொருந்தியது.

எடுத்த முடிவு

ஒரே ரகம் என்று முடிக்கவில்லை. முதன்மை நடவுக்கு க. ஆகாத ரகம் என்று கடையில் மாற்றச் சொன்ன அதே பழைய வீரிய ஒட்டு. ச-வைக் கைவிடவில்லை. நோய் தாங்காவிட்டாலும், புயல் காலம் உச்சத்துக்கு வருமுன் வெட்டிவிட முடிகிற ரகம் இந்தக் கடற்கரையில் மதிப்புள்ளது. எனவே கால் பங்கு இடத்தில், சரியான வயது நாற்றாக, செப்டம்பர் பிற்பாதியில் நட்டு நவம்பர் நடுவுக்குள் முடிப்பது. அப்போதைய வெப்பத்தில் பூ இறுகாமல் தளர்ந்துபோகும் அபாயம் உண்டு என்று தெரிந்தே எடுத்த முடிவு. ட வேண்டாம், ஆனால் நோய் ரகம் என்பதற்காக அல்ல. த-வை விவசாயி வீட்டுக்கு ஒரு பாத்தி வைத்துக்கொண்டார், ருசி பிடித்திருந்ததாம். ப பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, பாக்கெட்டை மட்டும் கடைக்காரரிடம் திருப்பிக் காட்டியிருக்கிறார்.

அடுத்த பருவத்துக்கு மாற்றியவை

மேல்பக்கத்துக்கு நடவுக்குப் பல வாரம் முன்பே சுண்ணாம்பு இடுவது, கடைசி உழவில் தொழு உரத்தோடு சோடியம் மாலிப்டேட் எக்டருக்கு 1 முதல் 2 கிலோ என்ற கணக்கில் சேர்ப்பது. அமில மண்ணை இலைத் தெளிப்பால் ஒவ்வொரு வருடமும் சமாளிக்க முடியாது.

விதையோடு வரும் கருப்பழுகல் பாக்டீரியாவைக் குறைக்க, பூச்சு இல்லாத விதை கிடைத்தால் 50 டிகிரி வெந்நீரில் 20 முதல் 30 நிமிடம் வைத்து எடுத்து உலர்த்தி விதைப்பது. தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது, சூடு கூடினால் முளைப்பு கெட்டுவிடும். முதலில் ஐம்பது விதையில் முளைப்புப் பார்த்துவிட்டே மீதியைத் தொட வேண்டும். மருந்துப் பூச்சுள்ள வீரிய ஒட்டு விதையை இப்படிச் செய்வதில்லை.

இரண்டு நடவுக்கும் பயன்பட்ட நிலத்தில் இரண்டு, மூன்று வருடத்துக்குக் காலிஃபிளவரும் அதே குடும்பத்துக் கோஸ், முள்ளங்கி, கடுகு எதுவும் இல்லை. கீழ் மூலையில் எந்தக் காய்கறியும் இல்லை, அங்கே தீவனப் புல். நாற்றங்காலில் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தொகுதி விதைப்பது, மழை தள்ளிப் போட்டாலும் சரியான வயது நாற்று ஒன்றாவது கையில் இருக்கும்படி.

நோய்த் தாளிலும் ஒரு பத்தி கூடியிருக்கிறது: மதிப்பெண் போட்ட அன்று அந்தப் பாத்தியில் எத்தனை செடி வெட்டாமல் நின்றது என்று. அது காலியாக இருந்தால் அந்த ரகத்தின் நோய் மதிப்பெண்ணை அந்தத் தேதிக்குக் கணக்கில் சேர்ப்பதில்லை. க-வுக்கு எதிராக நிறுத்த இன்னும் இரண்டு முன்பருவ வீரிய ஒட்டுகளின் விதை வாங்கியாகிவிட்டது. இம்முறை சீட்டுக் குலுக்குவது அந்த அம்மா.